முள் அசையவில்லை

இல்லை, லைன் அறுந்து போகவில்லை. நான்தான் ரிசீவரை வைத்தேன். அதற்குப் பிறகு நீ மூன்று முறை திரும்ப ரெலிபோன் எடுத்தாய். ஒவ்வொரு முறையும் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, மகன் லைன்ல நிக்கிறார்" என்றார். நான் சுவரோர வாங்கில் உட்கார்ந்தபடியே ஏலாது என்று தலையை ஆட்டினேன். எனக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அதில் ஒருத்தி, "பாவம் பெடியன், கதையுங்கோவன்" என்றாள். கதைத்திருந்தால் அந்த ஆறு பேருக்கு முன்னால் உன்னை வாயில் வந்தபடி ஏசியிருப்பேன். பிறகு என்னையும்.

அது நேற்று, வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலையில் நீ, உன் வேலை சரி என்று உறுதி சொல்லும் அந்தப் பத்திரத்தில் கையொப்பம் வைக்கிறாய். இடையில் மூன்று நாள் இருக்கிறது. இன்றைக்கு விடிய எழும்பி, கோபம் இறங்கட்டும் என்று முற்றம் கூட்டினேன். அலுமாரியை இறக்கி அடுக்கினேன். குசினியில் பானை கழுவினேன். இறங்கவில்லை. சரி, கோபத்தோடேயே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்கப் போவதில்லை. இன்னொருவரும் வாசிக்க வேண்டும். அவருக்கு உன் தொழில் தெரியாது. அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்களையும் எழுதுவேன். பொறுத்துக்கொண்டு வாசி.

மலையில் அகப்பட்டவர்களைத் தூக்கப் போகும் ஹெலிகொப்டர்கள் சில வேளை மின்கம்பியில் மாட்டி விழுகின்றன. மூடுபனியில் கம்பி கண்ணுக்குத் தெரியாது. நாலு மில்லிமீற்றர் நீளமுள்ள ராடார் அலைக்குத் தெரியும். நீ வேலை செய்யும் அந்தக் குளிர் ஊர்க் கம்பனி அப்படியொரு ராடாரைச் செய்கிறது. அலை ஒரு சின்னத் தகட்டில் பிறக்கிறது. வெளியே போவதற்கு அது தகட்டை விட்டு ஒரு உலோகக் குழாய்க்குள் ஏற வேண்டும். குழாய் என்றால், அதன் வாய் ஒரு அரிசியைப் படுக்கப்போட்ட அளவு. தகட்டிலிருந்து குழாய்க்கு ஏறும் அந்த இடத்தை நீ மாறுமிடம் என்பாய். அங்கே ஒரு தலைமயிர் அகலத்துக்குப் பிசகினால் அலை திரும்பி வந்துவிடும். அல்லது அங்கேயே சூடாகிச் செத்துப்போகும். அலையைச் சேதமில்லாமல் ஏற்றிவிடுவதுதான் இரண்டு வருடமாக உன் வேலை. எனக்கு அதில் பெருமை இருந்தது. சந்தையில், கோயிலில், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

இனி நேற்று நீ சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நீயே வாசித்துப் பார்.

"அம்மா, மாறுமிடம் சரி வந்துட்டுது."

"உண்மையாவோ? போன கிழமை ஏலாதெண்டு அழுதாய்."

"ஓம். தகட்டை ஒட்டுற பசையை மாத்தினாங்கள். அடுத்த நாள் பாத்தா, திரும்பி வாறது ஒண்டுமேயில்லை. முப்பது டெசிபல் கீழ. திரையில கோடு முந்தி மேடும் பள்ளமுமா இருந்தது, இப்ப ஒரே வழுவழுப்பு. தலைவர் வந்து கையைக் குலுக்கிட்டுப் போனார்."

"போய்ச் சேருறது எவ்வளவு?"

"என்ன?"

"மற்றப் பக்கத்தால எவ்வளவு வெளிய வருகுது எண்டு கேட்டனான்."

"அதை அளக்க, எதிர்ப்பக்கம் பூட்ட இதே மாதிரி இரண்டாவது துண்டு வேணும். அது வர இன்னும் மூண்டு கிழமை. திங்கள் பத்திரம் போகவேணும் அம்மா. இங்க எல்லாரும் இப்பிடித்தான்." பிறகு சிரித்தாய். "திரும்பி வராட்டில் போய்ச் சேந்துட்டுதுதானே. நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்."

அங்கேதான் ரிசீவரை வைத்தேன்.

சொல்லித் தந்தது நான்தான். அது பிழை என்று சொல்லித் தரும்போதே எனக்குத் தெரியும். அதைத்தான் இனி எழுதப் போகிறேன். உனக்கு இது தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியாது. அவர் அப்போது சவூதியில் இருந்தார். பதினொரு வருடமாக இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

நான் உட்துறைமுகத்துக்குப் பக்கத்து வீதியில் ஒரு சின்னத் திருத்தகத்தில் வேலை செய்தது உனக்கு நினைவிருக்கும். இழுவைப்படகுகளின் ராடாரும் வானொலியும் திருத்துகிற இடம். பௌதிகம் படித்த பெண்ணை முதலாளி ஆசைப்பட்டு எடுக்கவில்லை. இருந்த ஆண்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். முதல் மாதம் படகுக்காரர்கள் என்னைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். "பொம்பிளை கொடிமரத்தில ஏறுறதோ" என்று ஒருவர் என் காது கேட்கவே கேட்டார். ஏறினேன். சேலையை விட்டுவிட்டு உன் அப்பாவின் பழைய காற்சட்டையோடு ஏறினேன். காசிம் நானா மட்டும் கீழே நின்று, "வேடிக்கை பாக்கிறவனுக்கெல்லாம் டிக்கற் வெட்டட்டா தங்கச்சி?" என்று சத்தம் போட்டார். கூட்டம் கலைந்தது.

காசிம் நானா குடாவுக்கு அக்கரையில் கிண்ணியாக்காரர். ஒரு தனியார் இழுவைப்படகின் தண்டயல், சுக்கான் பிடிக்கிறவர். குடாவுக்குள் சரக்குத் தெப்பங்களை இழுத்துக்கொண்டு திரிவார். நான் வேலையில் இருக்கும்போது பக்கத்தில் குந்திக்கொண்டு கதைப்பார். "எண்ட வீட்டுக்காரிக்கும் ஒரு ராடார் பூட்டித் தாங்க தங்கச்சி. நான் எந்தக் கடையில பிளேன்ரீ குடிக்கிறன் எண்டு கிண்ணியாவில இரிந்தே பாக்கட்டும்." நான், "அவவுக்கு என்னத்துக்கு நானா? அவ பிறக்கேக்கையே பூட்டித்தானே அனுப்பினவங்கள்" என்பேன். படகு முழுதும் சிரிக்கும். அந்தத் துறைமுகத்தில் எனக்கு மரியாதை தந்த முதல் மனிதர் அவர். இதை முன்னுக்கே எழுதி வைக்கிறேன். பிறகு எழுத எனக்கு முகம் இருக்காது.

அவருடைய படகின் ராடாரில் பெட்டி கீழே இருந்தது, அன்ரெனா கொடிமரத்தின் உச்சியில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பித்தளைக் குழாய். உன்னுடையது அரிசி அளவு. என்னுடையது தீப்பெட்டியின் பக்கவாய் அளவு. மூன்று சென்ரிமீற்றர் அலை அதற்குள்ளால் ஓடும். பழைய குழாய் உப்புக்காற்றில் அரித்துப்போய்ப் புதிது போட வேண்டியிருந்தது. இப்படியான குழாயின் இரண்டு வாயையும் பொலித்தீன் வைத்து இறுக்கிக் கட்டித்தான் கொண்டு போக வேண்டும். ஈரமும் தூசியும் போகக் கூடாது. புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கும் விதி. ஒரு முறை அப்படித்தான் கட்டிக்கொண்டு போனேன். யுத்த காலம், துறைமுக வாசலில் படையினர் பறித்தார்கள். வாய் கட்டிய குழாய் என்றால் உள்ளே என்ன? என்னை இரண்டு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தினார்கள். குழாய் இரண்டு நாள் கழித்து நசுங்கி வந்தது.

அதற்குப் பிறகு எனக்குப் புத்தி வந்தது. எங்கள் எல்லாருக்கும் அந்த நாட்களில் அந்தப் புத்தி வந்தது. சோற்றுப் பார்சலைக் கேட்க முன்னமே அவிழ்த்து நீட்டுவோம். குடையை விரித்துக் காட்டுவோம். நான் குழாயை வாய் கட்டாமல் கொண்டு போய், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பாருங்கோ, ஒண்டுமில்லை" என்பேன். விட்டுவிடுவார்கள். எவ்வளவு கெட்டித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்தக் குழாயையும் அப்படியே கொண்டுபோய் மரத்தில் பூட்டினேன். கீழே பெட்டியோடு இணைக்கிற அனுமதி வர மூன்று கிழமை ஆனது. மூன்று கிழமையும் குழாயின் கீழ்வாய் திறந்தபடி தொங்கியது. அதைக் கட்டிவிட்டு வரவில்லை. வாய் கட்டிய குழாயை யாராவது கண்டால் வில்லங்கம் என்ற பயம். பயம்கூட இல்லை, பழக்கம்.

அனுமதி வந்த நாளில் இணைத்தேன். அளக்க வேண்டும். உனக்குத் தெரியும், இரண்டு அளவு இருக்கிறது. அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது ஒன்று. அதைக் கீழேயே நின்று பார்க்கலாம். மறுமுனையில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது மற்றது. அதற்கு உச்சியில் ஒரு அளவுத்தலை வைக்க வேண்டும். என் அளவுத்தலையை அன்று காலை வாசலில் வைத்துக்கொண்டார்கள். ஏரியல் மாதிரி இருக்கிறதாம். நான் கீழே நின்று மீற்றரைப் பார்த்தேன். முள் அசையவில்லை. பூச்சியத்தில் அப்படியே கிடந்தது. ஒன்றும் திரும்பி வரவில்லை. அப்படி ஒரு சுத்தமான இணைப்பை நான் அதற்கு முதல் செய்ததேயில்லை. படிவத்தை எடுத்தேன். திரும்பி வருவது: இல்லை. அதற்குக் கீழே ஒரு கட்டம், போய்ச் சேருவது. அதில் "நன்று" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். அளக்காமல் எழுதினேன். வெறுமையாக விட்டிருக்கலாம். வெறுமையாக விட்ட கட்டத்தைப் பார்த்து யாராவது ஒருவர் கேள்வி கேட்டிருப்பார்.

காசிம் நானா கேட்டார். அன்றைக்கே கேட்டார். திரையில் குனிந்து பார்த்துவிட்டு, "கரை கொஞ்சம் மங்கலாத் தெரியுதே தங்கச்சி?" என்றார். "அது மழைமேகம் நானா. மேகத்துக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றேன். மேகம் தூரத்தில், புல்மோட்டைப் பக்கம், ஒரு கை அகலத்துக்கு நின்றது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீங்க படிச்ச ஆள். சரி" என்றார்.

மார்கழியில் ஒரு பின்னேரம், மழை கொட்டிக்கொண்டிருக்க, அந்தப் படகு நங்கூரம் போட்டுக் கிடந்த ஒரு வெறும் தெப்பத்தோடு மோதியது. தெப்பத்தில் விளக்கு இல்லை. அந்தக் காலத்தில் விளக்கு வைக்க விடமாட்டார்கள். முன்னால் இரும்பைக் கண்டதும் காசிம் நானா சுக்கானை முறித்துத் திருப்பிவிட்டு, இடையில் பழைய டயரை இறக்க ஓடியிருக்கிறார். டயரோடு கையும் போனது. வலது கையில் மூன்று விரல்.

நான் அடுத்த நாள் காலை படகுக்குப் போனேன். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் குழாயைக் கழற்றினேன். வளைவுக்கு மேலே, உள்ளே, குளவிக்கூடு. மண். விரல் நீளம். முன்பக்கம் கூராகி, போகப் போகத் தடித்து, குழாயை முக்கால்வாசி அடைத்துக்கொண்டிருந்தது. மழைக்கு ஊறி ஈரமாக இருந்தது. அந்த வடிவம் உனக்கு இப்போது கண்ணில் தெரியும். நீங்கள் ஆய்வுகூடத்தில் அலையை எதிரொலியில்லாமல் விழுங்கவைக்கக் காசு கொடுத்து வாங்குகிற கூர்க்கட்டையும் அதே வடிவம்தான். அலை அதில் மோதுவதில்லை, மெல்ல மெல்ல அதற்குள் போய்ச் சூடாகித் தீர்ந்துவிடுகிறது. திரும்பி வருவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. உச்சிக்குப் போவதற்கும் மிஞ்சியது சொற்பம். அந்தச் சொற்பம் கரையைக் காட்டப் போதுமாக இருந்தது. மழைக்குள் ஒரு தாழ்ந்த தெப்பத்தைக் காட்டப் போதவில்லை. நான் மெச்சிக்கொண்ட பூச்சியம் அதுதான். கூட்டை உடைத்தேன். உள்ளே பச்சைப் புழுக்கள், குளவி தன் குஞ்சுக்கு அடைத்து வைத்தவை. மண்ணை ஒரு வெறும் தகரப் பால்மா ரின்னில் போட்டேன். குழாயை ஸ்பிரிட் விட்டுத் துடைத்தேன். திரும்பப் பூட்டினேன்.

விசாரணை மூன்றாம் நாள், முதலாளியின் அறையில் நடந்தது. முன்பின் தெரியாத மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். காசிம் நானா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தார். "திரையில ஒண்டுமில்ல" என்றார். திரும்பத் திரும்ப அதைத்தான் சொன்னார். "அல்லாஹ் அறிய ஒண்டுமில்ல. நான் பாத்துக்கிட்டுத்தான் இரிந்தன்." அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். ராடார் வேலை செய்ததா? நான் படிவத்தை மேசையில் வைத்தேன். "ஓம்" என்றேன். "வேலை செய்தது."

காசிம் நானா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இத்தனை வருடம் இதைத் தாங்கியிருப்பேன். அவர் யோசித்தார். பிறகு அந்த மூன்று பேரிடம் சொன்னார்: "அப்ப நான்தான் காணாம விட்டிட்டன் போல. அந்தப் பிள்ளை பொய் சொல்லாது."

தம்பி, ஒரு மனிதர் தன் கண்ணை நம்பாமல் என் கையொப்பத்தை நம்பினார். அவருடைய அனுமதிப் பத்திரத்தைப் பறித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சுக்கான் பிடிக்கவில்லை. மூன்று விரல் போனதைப் பற்றி யாரும் கேட்டால், "எண்ட கவலையீனம்" என்று சொல்வாராம். பதினொரு வருடமாகச் சொல்கிறார். அடுத்த நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வட்டலப்பம் அனுப்பினார். நீ இரண்டு துண்டு தின்றுவிட்டு, "நல்லாயிருக்கு, நீங்கள் சாப்பிடேல்லையோ?" என்று கேட்டாய்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, நல்ல காரணம்தான். அந்த நாட்களில் துறைமுகத்துக்குள் வேலை செய்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பிழை விட இடம் இருக்கவில்லை. குழாய்க்குள் மண் இருந்தது என்று சொல்லியிருந்தால், மண்ணை வைத்தது யார் என்பதுதான் அடுத்த கேள்வி. குளவி என்றால் சிரித்திருப்பார்கள். பிறகு கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய், வீட்டில் நீயும் நானும்தான். இதெல்லாம் உண்மை. இந்த உண்மைகளை நான் பதினொரு வருடம் வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட அந்தக் கட்டத்தில் "நன்று" என்று எழுதியதை நியாயப்படுத்தவில்லை. அதை எழுதும்போது எனக்குப் பயம் இருக்கவில்லை. பெருமைதான் இருந்தது.

இனி உன் பங்குக்கு வருகிறேன். விபத்து நடந்து மூன்று மாதம். குசினி மேசையில் நீ அலைகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாய். கயிற்றில் அனுப்பிய அலை முனையில் இருந்து எப்படித் திரும்பும் என்று கேட்டாய். நான் சொன்னேன், திரும்பி வராவிட்டால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். நீ பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்தாய். "நடுவில ஏதாவது திண்டுட்டால் அம்மா?" என்றாய்.

பதினேழு வயதில், ஒரு மீற்றரையும் கண்ணால் காணாமல், நீ கேட்டாய். நான் உனக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "நடுவில அங்க என்ன சாப்பாட்டுக் கடையோ இருக்குது? கதையை விட்டுட்டுக் கணக்கைச் செய்." நீ சிரித்தாய். கணக்கைச் செய்தாய். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நீ கேட்கவேயில்லை. நேற்று நீ சிரித்த சிரிப்பு அதே சிரிப்பு. அதனால்தான் என்னால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. உன் ஆய்வேட்டை அனுப்பியிருந்தாய். முதல் பக்கத்தில், அளக்கப் பழக்கிய அம்மாவுக்கு என்று போட்டிருந்தாய். அந்தத் தாளை அன்றைக்கே கிழித்து அடுப்பில் போட்டேன். உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

ஆனால் முழுவதையும் நானே சுமக்கப் போவதில்லை. எனக்கு உன்னிலும் கோபம். உனக்கு இருபத்தெட்டு வயது. உன்னை யார் வாசலில் மறித்தார்கள்? யார் உன் அளவுத்தலையைப் பறித்தார்கள்? நீ ஒரு பிழையை ஒத்துக்கொண்டால் உன்னை எந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள்? ஒருவரும் இல்லை. உன் தலைவர் முகத்தைச் சுளிப்பார், அவ்வளவுதான். எனக்கு இருந்த சாட்டில் ஒரு துண்டுகூட உனக்கு இல்லை. நேரமில்லையாம். இங்கே எல்லாரும் இப்படித்தானாம். எல்லாரும் செய்கிறார்கள் என்றால் அந்த ஹெலிகொப்டரில் எல்லாருமா இருக்கப் போகிறார்கள்? ஓட்டுகிற ஒருவர் இருப்பார். கால் முறிந்து கிடக்கிற ஒருவர் இருப்பார். ஓட்டுகிறவர் திரையைப் பார்ப்பார், ஒன்றும் இல்லை. பிறகு, மிஞ்சினால், அவர்தான் காணாமல் விட்டார் என்று ஒரு மேசையில் முடிவெடுப்பார்கள். உன் படிவத்தைக் காட்டி முடிவெடுப்பார்கள்.

கேள். கோடு மேடும் பள்ளமுமாக இருந்து, பசையை மாற்றிய அடுத்த நாள் வழுவழுப்பாக வந்தது என்கிறாய். நல்ல இணைப்பு ஒரே நாளில், எல்லா அலைநீளத்துக்கும் ஒரேமாதிரி வழுவழுப்பாக வராது. ஏதோ ஒன்று அலையைத் தின்னும்போதுதான் அப்படி வரும். உன் பசை குழாயின் வாய்க்குள் கசிந்திருக்கிறதா என்று பார்த்தாயா? வெள்ளி கலந்த பசை சரியாகக் காயாவிட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று நீயே ஆய்வேட்டில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நான் வாசித்தேன். கிழித்தது முதல் தாளை மட்டும்தான்.

இரண்டாவது துண்டு வரவேண்டும் என்றும் சொல்லாதே. தேவையில்லை. ஒரு தட்டையான பித்தளைத் தகட்டை எடு. குழாயின் திறந்த வாயை அதனால் இறுக்கி மூடு. இப்போது அலைக்கு வெளியே போக வழியில்லை, அனுப்பியதெல்லாம் உன்னிடமே திரும்பி வர வேண்டும். வந்தால் நடுவில் ஒன்றும் தின்னவில்லை. குறைந்து வந்தால், அந்தக் குறையில் பாதிதான் ஒருவழி இழப்பு. ஐந்து நிமிட வேலை. ஒரு தகடு, நாலு திருகாணி.

எனக்கு இது அன்றைக்கும் தெரியும். உச்சியில் ஏறி ஒரு தகட்டை வைத்து மூடினால் போதும் என்று தெரியும். அளவுத்தலை தேவையில்லை. அதற்கு இன்னொரு நாள் அனுமதி கேட்க வேண்டும், அவ்வளவுதான். முள் பூச்சியத்தில் கிடந்தது அவ்வளவு வடிவாக இருந்தது. கேட்கவில்லை. வாசலில் பறித்ததைக் காட்டி இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றினேன். அந்தச் சாட்டும் இந்தப் பந்தியோடு முடிகிறது.

திங்கட்கிழமைக்கு முதல் தகட்டை வை. என்ன வருகிறது என்று பார். குறைந்து வந்தால் உன் தலைவரிடம் போய்ச் சொல். நல்லாக வந்தால் நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அந்தக் கடையில், ஆறு பேருக்கு முன்னால். எதையும் செய்ய விடமாட்டார்கள் என்றால் போய்ச் சேருவது என்ற கட்டத்தில் "அளக்கப்படவில்லை" என்று எழுதிக் கையொப்பம் வை. அந்தச் சொல்லை எழுதுவதற்காக வேலையை விட்டு அனுப்பினால், வீட்டுக்கு வா. சோறு இருக்கிறது.

அளக்காமல் "நன்று" என்று எழுதுவாயானால் எனக்கு ரெலிபோன் எடுக்காதே. இதைக் கோபத்தில் எழுதவில்லை. மற்றதெல்லாம் கோபத்தில் எழுதினேன்.

இதை இரண்டு பேர் வாசிப்பார்கள் என்று முன்னுக்கே சொன்னேன். மற்றவர் காசிம் நானா. நானா, உங்களுக்கு இதில் தனியாக ஒரு வரியும் எழுதவில்லை. எழுதத் தெரியவில்லை. திரையில் ஒன்றும் இருக்கவில்லை. நீங்கள் காணாமல் விடவில்லை. முதலாளி இப்போதும் இருக்கிறார், விசாரணைத் தாளும் எங்கேயோ இருக்கும். இந்தக் கடிதத்தை நீங்கள் யாருக்கும் காட்டலாம்.

பின்குறிப்பு, தபாலில் வரும் பிரதிக்கு மட்டும்: மறுநாள் பத்து மணிக்குக் கடையில் இதை உனக்குத் தொலைநகலில் அனுப்பினேன். ஒன்பது தாளும் போய்ச் சேர்ந்ததா என்று அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு தாள் திரும்பி வரும்வரை நின்று பார்த்தேன். பிறகு மூலப் பிரதியையும் பால்மா ரின்னையும் பையில் வைத்துக்கொண்டு துறைக்குப் போனேன். சோதனைச் சாவடியில் ரின்னைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். மண் என்றேன். குடாவைக் கடக்கும் பதினொன்றரைப் பாதைப்படகில் ஆட்களோடும் சைக்கிள்களோடும் நின்று கிண்ணியாவுக்குப் போனேன். காசிம் நானா வீட்டில் இருந்தார். கதிரை போட்டார்கள். இருக்கவில்லை. கடிதத்தை அவருடைய இடது கையில் கொடுத்துவிட்டு, அவர் வாசித்து முடிக்கும்வரை நின்றேன்.